பிக்கப் இல்லாத வண்டி

லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் பாதி தூரம் ஏறியதும் என் காருக்கு மூச்சு முட்டியது. நின்றுவிடவில்லை. ஆனால் ஏறுகிறது என்றும் சொல்ல முடியாது. இரண்டாவது கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை இதற்கு மேல் போகாது என்கிற அளவுக்கு மிதித்துக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். காலை ஷிப்டுக்குப் போகிற நேரம். பின்னால் ஒரு டவுன் பஸ். அதன் டிரைவர் ஹாரன்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்காரர் ஒருவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "அம்மா, தள்ளபேக்கா?" என்று கேட்டார். கேலி இல்லை. நிஜமாகவே இறங்கித் தள்ளத் தயாராக இருந்தார். அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

"பேடா அண்ணா, ஹோகுத்தே" என்றேன். வேண்டாம், போய்விடும் என்று.

போனது. சைக்கிள் போகிற வேகத்தில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்து, மறுபக்கம் இறங்கும்போது ஒரு குறையும் இல்லாத வண்டி போல உருண்டது.

மருத்துவமனை வாசலில் காரை நிறுத்திவிட்டு, சீருடையின் காலரைச் சரி செய்துகொள்வது போல் குனிந்து கொஞ்ச நேரம் அழுதேன். எனக்கு அப்போது வயது ஐம்பது. லைசென்ஸ் வாங்கி நான்கு மாதம். என் கணவர் வருவதற்கு இருபது நாள்தான் இருந்தது.

மூன்றாவது ஆள்

இந்தத் தொடரில் அவரைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு மூன்று இடங்களில் சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

ஆரோக்கியம் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். எங்களுக்குக் கல்யாணம் ஆகி மூன்றாம் வருடம் போனார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். மகள் ஜெனி பிறந்தபோது அங்கே இருந்தார். அவள் கல்யாணத்துக்கு வந்து, மூன்றாம் வாரம் கிளம்பினார். ஜெனி கோயம்புத்தூருக்குப் போன பிறகு லிங்கராஜபுரம் வீட்டில் நான் மட்டும். அவர் சட்டைகள் பீரோவில் மடித்தபடி இருக்கும். ஆறு மாதம் வரை அவற்றில் அவருடைய சோப்பு வாசனை இருக்கும். பிறகு பீரோவின் வாசனைதான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கடைசியாகப் பார்ப்பது எப்போதும் ஒரு வாடகைக் காரில்தான். ஏர்போர்ட்டுக்குப் போகும் அந்த ஒன்றேகால் மணி நேரம். முன்னால் முகம் தெரியாத டிரைவர். பாட்டு ஓடும். கண்ணாடியில் அந்த டிரைவரின் கண் தெரியும். "மாத்திரையை மறக்காத", "கேஸ் புக் பண்ணிட்டேன்" என்று எதையாவது பேசிக்கொண்டு போவோம். ஒரு மூன்றாவது ஆள் முன்னால் அழ அவருக்கு வெட்கம். எனக்கும்தான்.

போன தடவை டெர்மினல் வாசலில் இறங்கும்போது அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். டிரைவர் திரும்பி, "சார், பார்க்கிங் டைம் ஆயிடுச்சு" என்றார். சொல்ல வந்தது அப்படியே நின்றுவிட்டது. பிறகு போனில் கேட்டேன். "என்னவோ, மறந்துட்டேன் சகா" என்றார். என் பெயர் சகாயமேரி. அவருக்கு மட்டும் சகா.

அன்றைக்கு முடிவு செய்தேன். அடுத்த தடவை நான் ஓட்டுவேன். காரில் எங்களைத் தவிர யாரும் இருக்கக் கூடாது.

அவருக்குச் சொல்லவில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். என் தோள் உயரத்துக்குக்கூட வராத பெண்கள் எல்லாம் முதல் நாளே ஓட்டினார்கள். நான் பதினெட்டாம் நாள் கிளட்ச்சைப் புரிந்துகொண்டேன். பிறகு மல்லேஸ்வரத்தில் பார்த்தசாரதி என்ற பெரியவரிடமிருந்து, ஒரே குடும்பம் ஓட்டிய, பதினான்கு வயதான சின்ன பெட்ரோல் காரை வாங்கினேன். வெள்ளை நிறம். உள்ளே விபூதியும் பழைய ரெக்ஸினும் கலந்த மணம். வாங்கிய நாளில் நான் அதன் பானெட்டைத் துடைத்த துடைப்பைப் பார்த்து மாடி வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.

வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நான் முதலில் போன குறுக்கு வழி சமதரை. அதனால் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. அந்த வழியில் சாக்கடை தோண்டி, நான் மேம்பாலத்தில் ஏற வேண்டி வந்தபோதுதான் தெரிந்தது. ஏர்போர்ட்டுக்குப் போக ஹெப்பாள் மேம்பாலம் ஏற வேண்டும். அங்கே பெட்டிகளோடு அவரையும் ஏற்றிக்கொண்டு இந்த வண்டி எப்படிப் போகும்?

மூன்று தீர்ப்பு

முதல் மெக்கானிக் எங்கள் தெரு முனையில் இருப்பவர். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். "பிக்கப் இல்ல மேடம். ஏர் ஃபில்டர், பிளக்கு எல்லாம் மாத்திடலாம்" என்றார். மாற்றினார். பாலத்தில் அதே மூச்சிரைப்பு.

இரண்டாமவர் கம்மனஹள்ளியில். "கிளட்ச் பிளேட் போயிருக்கும்" என்றார். பிரித்துப் பார்க்க வேண்டும், ஒரு வாரம் விட்டுவிட்டுப் போங்கள் என்றார். விட மனம் வரவில்லை.

மூன்றாமவர் இன்ஜினைக் காதால் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இன்ஜினே வீக்கு. வயசாயிடுச்சு. வந்த வெலைக்குத் தள்ளிவிட்டுடுங்க."

அன்று மாலை மஸ்கட்டிலிருந்து வீடியோ அழைப்பு. நான் காருக்குள் இருந்தேன். சட்டென்று போனை முகத்துக்கு நெருக்கிப் பிடித்து, ஆட்டோவில் இருக்கிறேன் என்றேன்.

"சகா, லீவு தள்ளிப் போவுது போல இருக்குது. பெரிய பில்டிங் ஒண்ணு, வேலை முடியல. என்னை வுட மாட்டேங்கறாங்க."

"எவ்ளோ தள்ளிப் போவும்?"

"பாக்கறேன். ஒரு மாசம் ஆவலாம்."

இருபத்தோரு வருடத்தில் அந்தப் 'பாக்கறேன்' எத்தனை தடவை கேட்டிருப்பேன். போனை வைத்த பிறகு, வண்டி பழுதானது நல்லதாய்ப் போயிற்று என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே அந்த நினைப்பின்மேல் கோபமும் வந்தது.

சங்கு

காத்திருப்பது எனக்குப் புதிதல்ல. நான் கோலார் தங்க வயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்துக்குள் இறங்குகிற ஆள். மதியம் ஷிப்ட் முடிந்ததும் சங்கு ஊதும். குழாயடியில் சண்டை நடந்துகொண்டிருந்தாலும் அந்தச் சத்தத்தில் நின்றுவிடும். அம்மா குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்து அடுப்பில் வெந்நீர் போடுவாள். சங்குக்கும் அப்பா வாசலில் தெரிவதற்கும் நடுவே வெந்நீர் கொதிக்கிற நேரம்தான். அந்த நேரத்தில் அம்மாவிடம் யாரும் பேச முடியாது.

அம்மாவின் காத்திருப்பு தினமும் ஒரு தடவை முடிந்துவிடும். எனக்கு அப்படி இல்லை என்று நினைத்துக்கொள்வேன். இப்போது யோசித்தால், அவள் தினமும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. எது சுலபம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்டின் டவுன்

என்னோடு வார்டில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, ஆஸ்டின் டவுனில் கௌதமனைப் போய்ப் பாருங்கள் என்றாள். இரண்டு வண்டி நிற்கிற அளவுக்கு ஒரு ஷெட். சுவரில் புத்தர் படம், அதற்கு மல்லிகைச் சரம். கௌதமனுக்கு நாற்பது இருக்கும். அவரும் தங்க வயல் குடும்பம்தான் என்று பேச்சிலேயே தெரிந்தது. நான் நர்ஸ் என்று தெரிந்ததும் 'மேடம்' போய் 'சிஸ்டர்' ஆனது.

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. ஒரு ஸ்டூலை எனக்குத் தள்ளிவிட்டு, டயரில் சாய்ந்து நின்று கேட்க ஆரம்பித்தார்.

"எப்பலேர்ந்து இப்படி, சிஸ்டர்?"

"வாங்குனதுலேர்ந்தேன்னு இப்பத் தோணுது. முதல்ல எனக்குத் தெரியல."

"நிக்கும்போது நடுங்குதா? புகை வருதா? கருகுன நாத்தம் ஏதாச்சும்?"

"ஒண்ணும் இல்ல. சமத்துல நல்லாப் போவுது. மேடு வந்தா, ரெண்டு ஆள் ஏறுனா, இழுக்க மாட்டேங்குது."

"போவப் போவ மோசமாவுதா, ஒரே மாதிரி இருக்குதா?"

யோசித்தேன். இதுவரை யாரும் இதைக் கேட்கவில்லை. "ஒரே மாதிரிதான்."

"அப்ப இது நோய் மாதிரி தெரியல. நோய்னா ஏறும், எறங்கும். இது என்னவோ கட்டிப் போட்ட மாதிரி இருக்குது."

முதலில் வண்டியை நியூட்ரலில் போட்டுத் தன் கையால் தள்ளினார். சுலபமாக உருண்டது. "பிரேக் புடிச்சிக்கல." பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, நாலாவது கியரில் போட்டு கிளட்ச்சை விட்டார். இன்ஜின் ஒரு குலுக்கலோடு செத்தது. "கிளட்ச் கெட்டிருந்தா இப்படி ஆஃப் ஆவாது. பிளேட்டு நல்லா இருக்குது. மாத்தலையே?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு."

ஃபில்டர், பிளக் எல்லாம் புதிது. அதைப் பார்த்துவிட்டு, இன்ஜின் ஆஃபில் இருக்கும்போதே என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டார்.

"ஆக்ஸிலரேட்டரை ஃபுல்லா மிதிங்க."

"மிதிச்சிட்டேன்."

"ஃபுல்லா, சிஸ்டர்."

"இதுக்கு மேல போவாதுங்க."

அவர் உள்ளே எதையோ கையால் இழுத்துப் பார்த்தார். "இங்க காத்து போற மூடி பாதிதான் தெறக்குது. கையால இழுத்தா முழுசாத் தெறக்குது. கேபிளும் நல்லா இருக்குது. கொஞ்சம் எறங்குங்க."

அவர் உள்ளே வந்து முட்டி போட்டு, பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு தரையோடு ஒட்டியிருந்த கார்ப்பெட்டின் ஓரத்தை நெம்பித் தூக்கினார்.

பெடலுக்கு நேர் கீழே ஒரு மரக்கட்டை இருந்தது. தீப்பெட்டி இரண்டை அடுக்கினால் வருகிற உயரம். ஓரங்களை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து உருட்டியிருந்தார்கள். இரண்டு ஸ்க்ரூ போட்டுத் தரையில் இறுக்கியிருந்தது. கார்ப்பெட் மேலே இருந்ததால், மிதிக்கிற காலுக்கு அதுதான் தரை.

"தானா வந்து வுழுந்தது இல்ல இது. யாரோ வேணும்னே வச்சிருக்காங்க" என்றார் கௌதமன்.

கழற்றினார். அவரை ஏற்றிக்கொண்டு ரிச்மண்ட் ரோடு மேம்பாலம் வரை போனேன். மிதித்ததும் வண்டி என் முதுகை சீட்டோடு வைத்து அழுத்தியது. பயந்து காலை எடுத்துவிட்டேன். கௌதமன் சிரித்தார். "இதான் சிஸ்டர் உங்க வண்டி. இத்தன நாளா நீங்க பாதி வண்டிதான் ஓட்னீங்க."

மல்லேஸ்வரம்

சந்தோஷம் ஒரு நாள்தான் இருந்தது. பிறகு கோபம். ஒரு பொம்பளை, புதிதாக ஓட்டக் கற்றவள், எதையும் கவனிக்க மாட்டாள் என்றுதானே இந்த நிலையில் வண்டியை விற்றிருக்கிறார் அந்தப் பெரியவர்? பாலத்தின் நடுவே நான் நின்றுபோய், பஸ் வந்து இடித்திருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கட்டையை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மல்லேஸ்வரம் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

பார்த்தசாரதி வேட்டியோடு வந்து கதவைத் திறந்தார். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறவர். "வாங்கோ, வாங்கோ. வண்டி நன்னா ஓடறதா?" என்று கேட்டபடி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பையிலிருந்து கட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். மெதுவாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்கோங்கோம்மா. இது இருக்கறதே எனக்கு மறந்து போயிடுத்து. சத்தியமாச் சொல்றேன்."

பிறகு சொன்னார். அவருக்கு ஒரே மகன், ஸ்ரீராம். காலேஜ் முடித்து வேலைக்குப் போன வயதில் காரைப் பறக்கவிடுவான். ஒரு தடவை தும்கூர் ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் உரசிக்கொண்டு போய், கதவு முழுக்கக் கீறலோடு வந்தான். சிரித்துக்கொண்டே வந்து நின்றான். திட்டினால் கேட்க மாட்டான். சாவியை ஒளித்து வைத்தால் வீட்டில் சண்டை. அவன் ஆபீஸ் போயிருந்த ஒரு பகலில், அவனுடைய பழைய படிப்பு மேஜையின் உடைந்த காலை அறுத்து, இந்தக் கட்டையைச் செய்து வைத்துவிட்டார்.

"நாலு வருஷம் அவன் கத்தினான். 'என்னப்பா இது, பிக்கப்பே இல்லை, டப்பா வண்டி'ன்னு. ரெண்டு மெக்கானிக்கிட்ட காமிச்சான். நான் வாயே தெறக்கலை. அப்புறம் ஜெர்மனி போயிட்டான். போய் ஏழு வருஷம் ஆறது. ஒரே ஒரு தடவை வந்தான், அவன் அம்மா போனப்போ."

நான் கொண்டுபோன கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அவர் காப்பி கலந்து கொண்டுவந்தார்.

காப்பி குடித்து முடித்ததும் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இப்போ வண்டி நன்னா இழுக்கறதோ?"

"நல்லா இழுக்குதுங்க."

"ஒரு ரவுண்டு என்னைக் கூட்டிண்டு போவேளா?"

சதாசிவநகர் பக்கம் ஏறுகிற மேட்டில் மூன்றாவது கியரில் மிதித்தேன். கார் தயங்காமல் ஏறியது. அவர் டாஷ்போர்டில் கையை ஊன்றிக்கொண்டு, "அடேயப்பா" என்றார். இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னார். மேட்டின் உச்சியில், மர நிழலில், ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

போனை எடுத்து மகனை அழைத்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டார். இறங்கிக்கொள்ளட்டுமா என்று கையால் சைகை காட்டினேன். இருங்கள் என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்ரீராம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. அந்த வண்டி டப்பா இல்லை. நான்தான் பெடலுக்கு அடியிலே ஒரு கட்டையை வச்சேன்."

எதிர்முனையில் ஒரு பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு, "தெரியும்பா" என்றது குரல்.

"என்னடா தெரியும்?"

"அப்பவே பாத்துட்டேன். பேனா கீழே விழுந்துடுத்துன்னு குனிஞ்சேன், கார்ப்பெட் தூக்கிண்டிருந்தது. என் மேஜைக் கால்னு பாத்ததுமே தெரிஞ்சுது."

"அப்போ ஏன்டா எடுக்கலை?"

"எடுத்தா, நான் வெளியே போனப்பல்லாம் நீங்க வாசல்லயே நிப்பேள்."

பெரியவர் போனை வாய்க்கு அருகே கொண்டுபோனார். "அப்புறமும் கத்திண்டே இருந்தியேடா, பிக்கப் இல்லைன்னு?"

"கத்தலைன்னா எனக்குத் தெரிஞ்சுடுத்துன்னு நீங்க கண்டுபிடிச்சுடுவேளேப்பா."

பிறகு பெரியவர் கேட்டார். "எப்போடா வரே?"

"பாக்கறேன்பா."

அதே சொல். மஸ்கட்டிலிருந்து வந்தாலும் ஜெர்மனியிலிருந்து வந்தாலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டில் இறங்கும்போது கட்டையைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

இரண்டு பேர்

ஆரோக்கியம் ஒரு மாதம் தள்ளி வந்தார். டெர்மினல் வாசலில் பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டு, "டிரைவர் எங்க?" என்று சுற்றிலும் பார்த்தார். "நான்தான்" என்றேன். அவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். முதல் பத்து நிமிடம் கைப்பிடியை விடவில்லை. ஹெப்பாள் வருவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். ஹெப்பாள் மேம்பாலத்தில் வண்டி பறந்தது, அவருக்குத் தெரியவே இல்லை.

இரண்டு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் எங்காவது போனோம். காரின் ஏ.சி.யைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அவர் சட்டை கொடியில் ஈரமாகத் தொங்குவதைப் பார்க்கவே நான் ஷிப்ட் முடிந்து வேகமாக வந்தேன். ஒரு நாள் நாட்காட்டியில் மறுபடி அவர் கிளம்புகிற தேதி வந்துவிட்டது.

திரும்பிப் போன அன்று காலை பத்து மணிக்கே கிளம்பினோம். பாட்டுப் போடவில்லை. கண்ணாடியில் வேறு யார் கண்ணும் இல்லை. பானஸ்வாடி தாண்டும்போது அவர் பேச ஆரம்பித்தார். அங்கே வெள்ளிக்கிழமைகளில் அறையில் தனியாகச் சமைப்பது பற்றி. போன தடவை டெர்மினல் வாசலில் சொல்ல வந்தது பற்றி. மறக்கவில்லையாம். "திரும்பிப் போவப் புடிக்கலன்னு சொல்ல வந்தேன் சகா. சொன்னா நீ தாங்க மாட்டேன்னு வுட்டுட்டேன்" என்றார். இரண்டு பேரும் அழுதோம். நான் ரோட்டைப் பார்த்தபடி, அவர் என்னைப் பார்த்தபடி.

ஹெப்பாள் மேம்பாலத்தில் ஏறினோம். வண்டிகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். மெக்கானிக் இல்லையா.

"பிக்கப் கம்மியா இருக்குதே சகா. யார்கிட்டயாச்சும் காட்டுனியா?"

"காட்டிட்டேன். வண்டியில ஒரு கொறையும் இல்ல."

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். பெடலின்மேல் அது சும்மா பட்டும் படாமலும் இருந்தது.

"சரி" என்றார், நிமிர்ந்து உட்கார்ந்து. "நேரம் இருக்குது. மெதுவாவே போ."